வாசிக்கப்படாத இரண்டாம் ஓலை

மகன்,

இதைப் போனில் சொல்ல எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்ததும், "அதை விடுங்கோ அப்பா, சாப்பிட்டனீங்களோ?" என்கிறாய். சாப்பிட்டதை நான் சொல்லி முடிக்கும் முன்னமே போனை வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடதாசியைப் பாதியில் வெட்டிவிட முடியாது. கோபத்தில் தூக்கி எறிந்தாலும் பிறகு நீயே தேடி எடுத்து வாசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? கொழும்பில் சித்தி வீட்டு மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு இதை வாசி. இடையில் எழும்பாதே.

போன ஞாயிறு பூசைக்குப் போனோம். அதற்கு முதல் ஞாயிறு உன் பெயரையும் ஜெனிற்றாவின் பெயரையும் சேர்த்து முதல் ஓலை வாசித்தபோது உன் அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கலியாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஊரில் யாருக்காவது தடை தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். வங்காலையில் யாருக்கு உன்னில் தடை இருக்கப் போகிறது என்று நான் நிம்மதியாக இரண்டாம் ஓலைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பங்குச் சுவாமி வேறு இரண்டு சோடிகளின் பெயரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். கோயில் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். பூசை முடிந்து வெளியே வந்த பிறகுதான் சுவாமி சொன்னார், நிறுத்தச் சொன்னவன் நீதான் என்று. தடை சொன்னது மாப்பிள்ளையேதான்! இப்படி ஒரு கூத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

பின்னேரம் ஜெனிற்றா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "மாமா, எனக்காகக் காத்திருக்காதை எண்டு சொல்லிப்போட்டார். கட்டாருக்கும் இனிப் போகமாட்டாராம். உங்களுக்குக் கிட்னியைக் குடுத்திட்டுத்தான் மற்றதெல்லாமாம்" என்றாள். "நீ வேண்டாம் எண்டு சொன்னனியோ பிள்ளை?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஏன் வேண்டாம் எண்டு சொல்லப்போறன்? குடுக்கட்டும். ஆனா என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டாரோ? கலியாணம் கட்டப்போறவளிட்ட ஒருக்காக் கேக்கிறதில்லையோ?" என்றாள். சரியான கேள்வி. பதில் உன்னிடம் இருந்தால் அவளுக்குச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் இப்படி ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். நீ வாய் திறக்காவிட்டாலும் அந்த இளநீர்தான்.

நீ கட்டாரிலிருந்து லீவில் வந்த கிழமை. தவக்காலத்து வெயில், முற்றத்து மணலில் கால் வைக்க முடியாது. நான் மாமர நிழலில் சாய்கதிரையில் கிடந்தேன், வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சீனி வியாதியும் பிரஷரும் சேர்ந்து என் இரண்டு சிறுநீரகங்களையும் கைவிடப் பண்ணிய நாளிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு, உனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்துத் தென்னையில் ஏறினாய். கட்டாரில் கட்டடத்து இரும்பில் ஏறி ஏறி இப்போது தென்னை உனக்குப் படிக்கட்டுப் போல் இருக்கிறது. இரண்டு இளநீரை வெட்டிக்கொண்டு வந்து, "குடியுங்கோ அப்பா, உடம்பு கொதிக்குது. இது குளிர்ச்சி, கிட்னிக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை" என்றாய். நானும் குடித்தேன். என்ன ருசி! பொய் சொல்லமாட்டேன் மகன், கிட்னி கைவிட்ட அந்த ஒரு வருசத்தில் அப்படி ஒன்று என் தொண்டையில் இறங்கவில்லை.

பொழுது படும் முன் என் கால்கள் என் சொல் கேட்கவில்லை. எழும்ப நினைக்கிறேன், அவை வேறு யாருடைய கால்களோ போல் கிடக்கின்றன. நெஞ்சு ஒரு தரம் அடித்துவிட்டு அடுத்ததற்கு யோசித்தது. நீ என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டாய். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்த டொக்டர் ஓடினார், ஊசி நரம்பில் ஏறியது, பிறகு இரத்தம் கழுவுகிற மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். நேர்ஸ் உன்னிடம், "என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டதும், நீ இளநீர் என்று சொன்னதும், அவள் "ஐயோ தம்பி!" என்று தலையில் கை வைத்ததும் எனக்கு அரை மயக்கத்தில் கேட்டது. உன் முகத்தையும் பார்த்தேன். அந்த முகம் இன்னும் மாறவில்லை என்று சித்தி சொல்கிறாள்.

அந்த நேர்ஸைப் பிறகு நான் விடவில்லை. அடுத்த முறை மெஷினில் கிடந்தபோது, "பிள்ளை, இளநீருக்குள்ள என்ன இருக்குது எண்டு எனக்கு விளங்கச் சொல்லு" என்று பிடித்துக்கொண்டேன். அவள் நல்ல பிள்ளை, கட்டிலருகே நின்று சொன்னாள். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறதாம். எல்லோருக்கும் அது வேண்டும், அது இல்லாவிட்டால் இதயம் அடிக்காது. கூடினாலும் அடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகவும் ஒடுக்கமாம். நல்ல சிறுநீரகம் உள்ளவன் ஒரு குலையையே குடிக்கலாம், மிஞ்சினதை அது அப்படியே மூத்திரத்தில் வெளியே தள்ளிவிடும். எனக்குத் தள்ள ஆளில்லை. "இளநீர் வேண்டாம் எண்டு ஏன் முதல்ல சொல்லேல்லை?" என்று கேட்டேன். "பழம், கீரை குறையுங்கோ எண்டு சொன்னனாங்கள்தானே ஐயா" என்றாள். உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் யார் இளநீரைப் பழத்தோடு சேர்த்திருக்கிறார்கள்? எங்களுக்கு அது தண்ணீர். தண்ணீரை விடவும் மேல், அது மருந்து. மூத்திரம் எரிந்தால் இளநீர், அம்மாள் வருத்தம் வந்து மேலெல்லாம் கொப்பளித்தால் இளநீர், ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால் கையில் இளநீர். நீ செய்ததைத்தான் வங்காலையில் எந்தப் பிள்ளையும் செய்திருக்கும்.

இன்னொன்றையும் கேள். உன் இரண்டு இளநீரை மட்டும் நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அதற்கு முதல் வெள்ளி, சிலுவைப்பாதை முடிய கோயில் வளவில் ஊற்றிய இலைக்கஞ்சியை நான் ஆசையாக வாங்கிக் குடித்தேன். அதற்குள் என்ன? கீரையும் தேங்காய்ப்பாலும். உன் வருங்கால மாமி கப்பல் வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு வந்தார், மரியாதைக்காகச் சாப்பிட்டேன், பிறகு மரியாதை இல்லாமலும் சாப்பிட்டேன். நீ வந்ததற்காக அம்மா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். அந்தக் கிழமை பார்த்து பஸ் பழுதாகி நான் மெஷினுக்குப் பிந்திப் போனேன். எல்லோரும் அன்பாகத்தான் தந்தார்கள், எல்லாம் எனக்குள்ளே போய் வெளியேற வழியில்லாமல் நின்றது. கடைசியாக வந்தவன் நீ. பாரம் ஏற்றிய போட்டில் கடைசியாக ஏறினவன்தான் அதை மூழ்கடித்தான் என்று யாராவது வழக்குப் பேசுவார்களா?

நான் போட் எஞ்சின் திருத்துகிற ஆள், எனக்கு எதையும் எஞ்சினாகப் பார்த்தால்தான் விளங்கும். போட் ஓடும்போது பின்னால் எஞ்சினிலிருந்து மெல்லிசாக ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சிக்கொண்டு வருமே, கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டுச் சூட்டைக் கழுவி வெளியே விடுகிற தாரை. அது வருகிற வரைக்கும் வெயிலும் வேகமும் என்னவாக இருந்தாலும் எஞ்சின் பிழைக்கும். மணல் அடைத்து அது நின்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் எரிந்து பிடித்துவிடும். பேசாலை முதல் எங்கள் கரை வரை எத்தனை பேருடைய தாரையை நான் ஊதி எடுத்துக் கொடுத்திருப்பேன்! கடைசியில் எனக்கே அது நின்றுபோனது. சிரி, பரவாயில்லை, நானும் சிரித்தேன்.

உடம்பு இந்த வேலையை எவ்வளவு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நீ கட்டாரில் நெருப்பு வெயிலில் நிற்கிறாய், உனக்குள்ளே சூடு ஏறவிடாமல் உடம்பு வியர்வையை விடுகிறது. வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் ஒவ்வொரு துளியையும் மிச்சம் பிடிக்கிறது, மூத்திரம் மஞ்சளாகிறது, தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடித்தாயா, தாகம் போய்விடும். குளிர் அறைக்குள் போனாயா, வியர்வை நின்றுவிடும். கருவாட்டுக் குழம்பை மூக்குமுட்டத் தின்றாலும் மறுநாள் இரத்தத்தில் உப்பு பழைய அளவுக்கு வந்துவிடும். நீ ஒன்றையும் யோசிக்கத் தேவையில்லை. எனக்கு அந்த வேலையை இப்போது உன் அம்மா செய்கிறாள். மரக்கறியை வெட்டி ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் அவிக்கிறாள். ருசி என்று ஒன்றும் மிஞ்சாது, அது வேறு கதை. நான் குடிக்கிற தண்ணீரை ஒரு போத்தலில் காலையில் நிறைத்து வைக்கிறாள், அது முடிந்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். தராசில் ஏற்றி இறக்குகிறாள். மெஷின் ஒருநாள் கழுவிவிடும், அடுத்த நாளே மறுபடியும் எல்லாம் ஏறத் தொடங்கும். கடினம்தான் மகன். கடினமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கிடந்து சாகவில்லை. நேற்றும் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன்.

நான் இத்தனை நாளாக யோசித்தது இதைத்தான். உடம்பு திருத்துகிறது, அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறது. சூடு போன பிறகும் வியர்த்துக்கொண்டே இருந்தால் ஆள் வற்றிச் செத்துப்போவான். உனக்கு அந்த நிறுத்துகிற இடம் இல்லை. சின்னதிலிருந்தே இல்லை. பதினேழு பதினெட்டு வயதில் நீ போட்டை ஓட்டிப்போய்ப் பக்கத்து வீட்டு மரியநாயகம் அண்ணரின் வலையை எஞ்சின் காற்றாடியில் சுற்றிக் கிழித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அன்றைக்கே, "விடு தம்பி, கடலிலை நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டார். நீ விடவில்லை. கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தாய், நல்லது. பிறகு கிழியாததையும் தைக்கத் தொடங்கினாய். பள்ளிக்கூட லீவு முழுக்க அவருடைய கடற்கரை வாடிக் கொட்டிலில் குந்தியிருந்து விரல் வெடிக்கத் தைத்தாய். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "தம்பி, உன்ர பெடியனை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ. நான் அண்டைக்கே மறந்திட்டன். இவன் வந்து முன்னாலை இருந்து தைக்கத் தைக்க எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது" என்றார். அன்றைக்கு நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது உன் சிறுநீரகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நீ என் முன்னால் வந்து குந்தும்போதுதான் அண்ணரின் கஷ்டம் எனக்கு விளங்குகிறது.

போன கிழமை கிளினிக்கில் பெரிய டொக்டர் சொன்னார், நீ கொழும்பில் நின்று சோதித்த உன் இரத்தமும் மற்றதெல்லாமும் எனக்குப் பொருந்துகிறதாம். உனக்கு ஆபத்து மிகக் குறைவாம். ஒன்றை எடுத்தால் மற்றது கொஞ்சம் பருத்து அதன் வேலையையும் சேர்த்துச் செய்யப் பழகிவிடுமாம். கடவுளின் வேலையைப் பார்! அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. தண்ணீரைச் செம்போடு தூக்கிக் குடிக்கிற ஆசை. பிறகு அவர், "உங்கட மகனைத் தனிய ஒரு அறையிலை வைச்சுக் கேப்பம், ஆராவது அவரைக் கட்டாயப்படுத்தினவையோ எண்டு. இல்லை, மனம் ஒப்பித்தான் தாறன் எண்டு அவர் சொன்னால்தான் மேற்கொண்டு போகலாம்" என்றார். அதோடு என் ஆசை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த அறையில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இல்லை என்பாய். அது பொய். உன்னைக் கட்டாயப்படுத்துகிற ஆள் ஒருவன் இருக்கிறான், அவன் உன் சட்டைக்குள்ளேயே இருக்கிறான். உன் கலியாணத்தை நிறுத்தினவனும் அவன்தான்.

அதனால் டொக்டரிடம் நானே சொன்னேன்: "இப்ப வேண்டாம் சேர்." அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "பிந்தினால் உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். "ஓம், தெரியும். நான் மெஷினிலை கிடக்கிறன். என்ர பெடியன் குற்றக் காசு கட்டிற மாதிரி ஒரு சாமானை எனக்குத் தர நான் வாங்கமாட்டன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா மரக்கறி வடித்துக்கொண்டிருந்தாள். சட்டியை அப்படியே வைத்தாள். "பிள்ளை தாறன் எண்டேக்க வேண்டாம் எண்டு சொல்ல நீங்கள் ஆர்? உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் ஆரைப் பார்க்கிறது? என்ரையைக் குடுக்கலாம் எண்டால் எனக்கும் சீனி எண்டு சொல்லிப்போட்டாங்கள். வந்ததையும் நீங்கள் தட்டிவிடுறியள்!" என்று கத்தினாள். நான் சொன்னேன், "இண்டைக்கு நான் வாங்கினால் அவன் காலம் முழுக்க அதைத் தைச்சுக்கொண்டே இருப்பான். பிறகு எனக்கு ஒரு தும்மல், தடிமன் வந்தாலும் அவனுக்கு நித்திரை வராது. ஜெனிற்றாவும் சேர்ந்து தைக்க வேணும்." அவள் சட்டியைத் திரும்பத் தூக்கி வடித்தாள். இன்னும் என்னோடு கோபம்தான். ஆனால் போத்தலில் தண்ணீர் மட்டும் நேரத்துக்கு நிறைந்திருக்கிறது.

எனக்கு உன் கிட்னி வேண்டாம் என்று நினைத்துவிடாதே. எனக்கு அது வேண்டும். நான் சாமியார் இல்லை, வாழ ஆசையுள்ளவன். உன் பிள்ளையைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால் முதலில் நீ சுவாமிக்குப் போன் பண்ணி இரண்டாம் ஓலையை வாசிக்கச் சொல். ஜெனிற்றாவிடம் போய் முன்னால் இருந்து கேள், அவளைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு அவள் ஏசுவதையும் வாங்கு. கலியாணத்தைக் கட்டு. அதுவரை நான் தாங்குவேன். தாங்குகிற வேலையை எனக்கு விடு, அது என் உடம்பு, அதைக் கொண்டுபோக எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. நீ கொழும்புக்குப் போன அன்று காலை கோடாலியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தென்னையை வெட்டப் போனாயே, அம்மா ஓடிவந்து பறித்தாளே, அந்த மரம் நிற்கிறது. உன் வெட்டு அடிமரத்தில் அப்படியே தெரிகிறது, தென்னைக்கு வெட்டு மூடாது. ஆனாலும் குலை தள்ளியிருக்கிறது, உன் கலியாணத்துக்குச் சரியான பதமாக வரும். அன்றைக்குக் காலையில் கோட்டுப் போடும் முன் நீ அதில் ஏற வேண்டும். ஜெனிற்றாவுக்கு ஒன்று கொடுத்தனுப்பு. உனக்கு ஒன்றை வெட்டி, என் கதிரைக்கு முன்னால் நின்று குடி. நான் என் ஐஸ் துண்டை உறிஞ்சிக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண் கலங்காமல், என்னிடம் மன்னிப்புக் கேட்காமல், கடைசிச் சொட்டு வரை நீ குடித்து முடித்தால், டொக்டர் சொன்ன அந்த அறை வாசல் வரை நாங்கள் சேர்ந்து போவோம். கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்லு. பிறகு ஒப்பரேசனுக்குப் பக்கத்துக் கட்டிலில் நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பேன்.

அப்பா